செஞ்சிக் கோட்டையில் தண்ணீர்ப் பை யார் தோளில் இருக்கிறது?

போன மாதம் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் ஒரு குடும்பம். மணி பதினொன்றரை. பாட்டி ஒருவர், இரண்டு சிறுவர்கள், கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். அப்பா உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “போய்வர ஒரு மணி நேரம் ஆகுமா?” குடும்பத்தோடு என்றால் மூன்று மணி நேரமாவது ஆகும் என்றேன். சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. பத்து ஆண்டுக்கு முன் அதே இடத்தில் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

நான் திண்டிவனத்துக்காரன். சென்னையிலிருந்து உறவினர்கள் வந்தால் செஞ்சிக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது நம் செஞ்சி. அதன்பின் கூட்டம் கூடியிருப்பதாகத்தான் என் கண்ணுக்குப் படுகிறது. கூட்டத்தோடு பழைய தவறுகளும் பெருகிவிட்டன. தொப்பி போடுங்கள், குப்பை போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்யும் தவறுகள்தான் கீழே.

கிருஷ்ணகிரிக்கு டிக்கெட் கேட்பது

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று கோட்டை மூன்று மலைகளில் விரிந்து கிடக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறி “கிருஷ்ணகிரி” என்று கேட்டால் நடத்துநர் கிருஷ்ணகிரி ஊருக்கே டிக்கெட் கிழித்துவிடுவார். அந்தச் சாலை அங்கேதான் போகிறது. “செஞ்சிக் கோட்டை” என்று கேளுங்கள்.

‘முதலில் மேலே ஏறிவிடலாம், கீழே இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் என் மேலேயே.

பத்து ஆண்டுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. அம்மா, அக்கா, மாமா, அவர்களின் பதினேழு வயதுப் பையன், ஏழு வயதில் என் மகள், நான். வீட்டில் இட்லி சாப்பிட்டு, புளியோதரை கட்டி, கிளம்பவே பத்தாகிவிட்டது. அடிவாரத்தில் இறங்கியதும் எல்லோர் கண்ணும் உச்சிக்குத்தான் போனது. ராஜகிரி ஏறக்குறைய எண்ணூறு அடி உயரம். “வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுவோம்” என்றார் மாமா. வெயில் அப்போதே ஏறியிருந்தது.

ஆறு பாட்டில் தண்ணீரையும் ஒரே பையில் போட்டு, தெம்பாக இருக்கிறானே என்று அக்கா மகன் தோளில் மாட்டினேன். தவறு அங்கேதான் தொடங்கியது. தெம்புள்ளவன் முன்னால் போய்விடுவான், தாகம் எடுப்பவர்களோ பின்னால் வருவார்கள். இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

படிகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்று அரையடி, அடுத்தது முழங்கால் உயரம். கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் வருவதற்குள் அம்மா நான்கு முறை உட்கார்ந்துவிட்டார். பாறையில் கை ஊன்றி எழப் பார்த்தவர், சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டார். மகள் தண்ணீர் கேட்டாள். பையனைக் கூப்பிட்டேன், காணோம். போன் செய்தேன், எடுக்கவில்லை. “நான் இங்கேயே இருக்கிறேன், நீ போய் வாங்கிவா” என்றார் அம்மா. வயதானவரையும் குழந்தையையும் அந்த வெயிலில் விட்டுவிட்டு நான் மேலே ஓடினேன். முதல் தவறைச் சரிசெய்யப் போய் அதைவிடப் பெரிய தவறைச் செய்தேன்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவைத் தாண்ட ஒரு பாலம் உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான், தலையெல்லாம் ஈரம். கடைசி பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு “மாமா, மேலே காற்று எப்படி வீசுகிறது பாருங்கள்!” என்றான். அவனைத் திட்டி என்ன பயன்? பையை மாட்டிவிட்டவன் நான்தானே.

இறங்கி வந்தபோது யாரோ ஒரு குடும்பம் அம்மாவை நிழலுக்கு நகர்த்தி மோர் கொடுத்துக்கொண்டிருந்தது. மாலையில் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், இரண்டு நாளில் தேறிவிட்டார். ஆனால் அன்று அவர் கோட்டையில் பார்த்தது படிக்கட்டை மட்டும்தான்.

எனக்கு உறைத்தது வேறொன்று. சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் இந்தக் கோட்டைக்கு வந்து தஞ்சம் புகுந்தார். ஔரங்கசீப்பின் படை முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு மதில் மட்டும் காரணமில்லை. மலைமேலேயே சுனையும் குளமும் உண்டு, அடிவாரத்திலும் குளங்கள் உண்டு. கோட்டை கட்டியவர்கள் ஒவ்வொரு மட்டத்திலும் தண்ணீரைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். நான் ஆறு பாட்டிலையும் ஒரே தோளில் மாட்டி அனுப்பியிருந்தேன்.

இப்போது என் முறை இதுதான். வாசல் திறக்கும்போதே அங்கே இருப்போம். ஏறுகிறவர்கள் யார், கீழே இருப்பவர்கள் யார் என்று முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுவோம். ஏழு வயதுக் குழந்தைக்கும் தன் பாட்டில் தன் தோளில். ஏறும்போது முன்னால் நடப்பவர் குழுவிலேயே மெதுவாக நடப்பவர், நான் கடைசியில். மணி பத்தரை ஆனால், நிற்கும் இடம் எதுவானாலும் திரும்பிவிடுவோம். உச்சியை எட்டாமல் திரும்பியதற்காக யாரும் அழுததில்லை, ஒரு மருமகனைத் தவிர.

கீழே இருப்பவர்களுக்கு அது தண்டனையும் இல்லை. கல்யாண மகால் கீழேதான் இருக்கிறது. நான்கு பக்கமும் அறைகள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக எழும்பி, கூம்புக் கூரையில் முடியும் கட்டடம். அந்தக் காலத்திலேயே அதன் மேல்நிலைகளுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் போயிருக்கிறது. நெற்களஞ்சியம், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில் எல்லாமே படியேறாமல் பார்க்கக்கூடியவை. அந்தக் கோயிலின் கோபுர வாசலில் பாற்கடல் கடையும் சிற்பத்தை அம்மாவுக்குக் காட்ட எனக்கு இன்னொரு ஆண்டு ஆயிற்று. அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றார்.

குரங்குகள்

பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும். டிபன் கேரியரை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

கோட்டையை ராஜா தேசிங்கு கட்டினான் என்று பிள்ளைகளிடம் சொல்வது

என் மகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் தேசிங்கு கட்டிய கோட்டை இல்லை இது. கோன் வம்சத்தாரில் தொடங்கி விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் வளர்த்தது. பிறகு பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, அப்புறம் மொகலாயர். தேசிங்கு ஆண்டது கொஞ்ச காலம். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இளம் வயதிலேயே மாண்டான். நாட்டுப்புறக் கதைப்பாடல்கள்தான் அவனை இன்றுவரை குதிரைமேல் வைத்திருக்கின்றன. இதையே கதையாகச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் படியேறும் களைப்பை மறப்பார்கள். “அவரே கட்டாத கோட்டைக்காக ஏன் செத்தார்?” என்று மகள் கேட்டாள். பதிலுக்கு எனக்கு இருபது படி தேவைப்பட்டது.

சாலைக்கு அந்தப் பக்கம் போகாமல் திரும்புவது

ராஜகிரியிலேயே தெம்பெல்லாம் தீர்ந்து, எதிரே இருக்கும் கிருஷ்ணகிரியை விட்டுவிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் நான் ராஜகிரியை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத்தான் போவேன். ஏற்றம் குறைவு, கூட்டமும் குறைவு. மேலே குவிமாடம் வைத்த மண்டபத்தில் உட்கார்ந்தால், எதிர்மலையில் வேர்த்து ஏறுகிறவர்கள் எறும்பு வரிசையாகத் தெரிவார்கள். அவர்களில் தண்ணீர்ப் பை யாரிடம் இருக்கிறது என்று தேடுவது என் கெட்ட பழக்கம்.

குளக்கரை

குழந்தையின் கையை விடாதீர்கள்.

பௌர்ணமியன்று கிளம்புவது

அன்று திருவண்ணாமலைக் கிரிவலம். திண்டிவனம் சாலையில் வரும் பஸ் எல்லாம் நிரம்பியே வரும். காலையில் எப்படியாவது தொற்றிக்கொண்டு போய்விடலாம். மாலையில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை நிறுத்தத்தில் நிற்கும்போதுதான், பஞ்சாங்கம் பார்க்காமல் கிளம்பியது உறைக்கும்.