ஸ்ட்ரோக்கான்னு வீட்ல இருக்கவங்களே கண்டுபிடிக்கிறது எப்படி? ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு ஸ்டெப் ஸ்டெப்பா

மொதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், ஸ்ட்ரோக் வேற, ஹார்ட் அட்டாக் வேற. நாம பக்கவாதம்னு சொல்றோமே அதுதான் ஸ்ட்ரோக், நடக்குறது மூளைல. மூளையோட எடை உடம்புல சுமார் 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவு பண்ற சக்தில கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கும், சேத்து வச்சுக்கவும் பெருசா வழி கிடையாது, ரத்தம் நிக்காம வந்துக்கிட்டே இருக்கணும். அங்க ஒரு ரத்தக்குழாய் அடைச்சாலோ வெடிச்சாலோ அந்தப் பகுதி சாக ஆரம்பிச்சிடும். பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு சராசரியா 19 லட்சம் நரம்பு செல்கள் போகுதுன்னு ஜெஃப்ரி சேவர்ங்கற நரம்பியல் டாக்டர் 2006ல கணக்கு போட்டார். அதனால கீழ சொல்ற டெஸ்ட் எல்லாம் சேத்து ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகக்கூடாது.

ஸ்டெப் 1: முகம்

"பல்லு தெரிய சிரிங்க"ன்னு சொல்லுங்க. சும்மா புன்னகை போதாது, பல்லு தெரியணும், அப்பதான் ஒரு பக்கம் வாய் ஓரம் மேல ஏறாம தொங்குறது பளிச்சுனு தெரியும். பெரும்பாலும் ஸ்ட்ரோக்ல நெத்தி தப்பிச்சிடும், புருவத்தைத் தூக்கச் சொன்னா ரெண்டு பக்கமும் சுருக்கம் விழும், ஏன்னா நெத்தி தசைக்கு மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் கட்டளை வருது. முகத்து நரம்பு மட்டும் பாதிக்கிற பெல்ஸ் பால்சில நெத்தியும் சேந்து செயலிழக்கும். தெரிஞ்சுக்க நல்லாருக்கேன்னு சொல்றேன், அவ்ளோதான், இதை வச்சு ஸ்ட்ரோக் இல்லைன்னு நீங்களே தீர்ப்பு எழுதிடாதீங்க.

ஸ்டெப் 2: கை

இதைத்தான் நிறைய பேர் தப்பா செய்றாங்க. "என் கையை இறுக்கிப் பிடிங்க"ன்னு சொல்லிட்டு, பிடிச்சிட்டாரு ஒண்ணுமில்லன்னு விட்டுடுவாங்க. லேசான பலவீனம் அதுல தெரியாது. உக்கார வச்சு ரெண்டு கையையும் நேரா முன்னாடி நீட்டச் சொல்லுங்க, உள்ளங்கை மேல பாத்து இருக்கணும், கண்ணை மூடச் சொல்லிட்டு பத்து வரைக்கும் மெதுவா எண்ணுங்க. கை தானா கீழ எறங்குதான்னு பாக்கணும். சிலருக்கு எறங்கவே எறங்காது, ஆனா ஒரு பக்கத்து உள்ளங்கை மட்டும் மெல்ல உள்பக்கமா திரும்பும், சுண்டு விரல் லேசா விலகும், அதையும் கணக்குல எடுக்கணும். கண்ணை மூடுறது ஏன்னா, கண்ணு தொறந்திருந்தா கை எறங்குறதைப் பாத்து அவங்களே சரி பண்ணிக்குவாங்க. காலுக்கும் இதே மாதிரி, படுக்க வச்சு ஒவ்வொரு காலா தூக்கி அஞ்சு எண்ணுற வரைக்கும் நிக்குதான்னு பாக்கலாம்.

ஸ்டெப் 3: பேச்சு

பழக்கமான ஒரு வாக்கியத்தைச் சொல்லி திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. நாக்கு குழறுறது எல்லாருக்கும் புரிஞ்சிடும். ஆனா வார்த்தை வாய்ல வராம தவிக்கிறது இன்னொரு வகை, 1861லயே பால் புரோக்காங்கற பிரெஞ்சு டாக்டர் ஒரு நோயாளி இறந்தப்புறம் மூளையைப் பாத்து, மூளையோட முன்பக்கம் கெட்டா இப்படி ஆகும்னு சொன்னார். மூணாவது வகைதான் ஏமாத்தும்: சரளமா பேசுவாங்க, ஆனா பேசுறதுக்கு அர்த்தமே இருக்காது, நாம சொல்றதும் அவங்களுக்குப் புரியாது. வீட்ல இருக்கவங்க என்னமோ உளறுறாரு, தூங்கி எழுந்தா சரியாயிடும்னு படுக்க வச்சிடுவாங்க. "கண்ணை மூடுங்க"ன்னு ஒரு சின்ன வேலை சொல்லிப் பாருங்க, அதைச் செய்றாங்களான்னு தெரியும்.

இது மூணும் சரியா இருந்தும் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். திடீர்னு நிக்க முடியாம தள்ளாடுறது, திடீர்னு பார்வை போறது இல்ல ரெண்டு ரெண்டா தெரியுறது, வாழ்க்கைல வராத அளவுக்கு ஒரு தலைவலி சட்டுனு அடிக்கிறது, இதெல்லாம் கூட அதே அவசரம்தான். "திடீர்னு"ங்கறதுதான் இங்க முக்கியம்.

ஸ்டெப் 4: மணி பாருங்க

என்னைக் கேட்டா இதுதான் இந்தப் பதிவோட உயிர்நாடி. ஆஸ்பத்திரில மொதல் கேள்வியே "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு"ங்கறதுதான். நீங்க எப்ப கவனிச்சீங்கங்கறது வேற, அவர் எப்ப வரைக்கும் நல்லா இருந்தாருங்கறது வேற. காலைல 6 மணிக்கு எழுந்திருக்கும்போதே வாய் கோணி இருந்துச்சுன்னா நேரம் 6 இல்ல, ராத்திரி 10 மணிக்கு நல்லா பேசிட்டு படுத்தார்னா 10 மணிதான் கணக்கு. நடுவுல 4 மணிக்கு பாத்ரூம் போய்ட்டு சாதாரணமா பேசினார்னா கணக்கு 4க்கு வந்துடும், அந்த ஒரு தகவலே சிகிச்சையை மாத்திடும். ஏன்னா அடைப்பைக் கரைக்கிற ஊசியை வழக்கமா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். பெரிய குழாய் அடைச்சிருந்தா தொடை வழியாவோ கை வழியாவோ மெல்லிய ட்யூப் விட்டு அடைச்சிருக்குற ரத்தக்கட்டியை இழுத்து எடுப்பாங்க, அதுக்கு ஸ்கேன் பாத்து தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட வாய்ப்பு இருக்கு. அதுக்காக 4.5 மணி நேரம் இருக்கேன்னு நிதானமா கெளம்பக்கூடாது, சீக்கிரம் போட போடத்தான் பலன் அதிகம்.

ஸ்டெப் 5: ஆம்புலன்ஸ், அப்புறம் கை கட்டி இருக்குறது

ஃபோன்லயே "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு"ன்னு சொல்லிடுங்க, சிடி ஸ்கேன் இருக்குற இடத்துக்கு நேரா கொண்டு போகணும்.

ஆஸ்பிரின் கொடுக்காதீங்க. அடைப்பா ரத்தக்கசிவான்னு வெளில இருந்து பாத்து யாராலயும் சொல்ல முடியாது, சிடி எடுத்தாத்தான் தெரியும், கசிவா இருந்தா ஆஸ்பிரின் அதை அதிகமாக்கலாம். தண்ணி, காபி, மாத்திரை எதுவும் வாய்ல வேணாம், முழுங்குற சக்தி போயிருந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். பிரஷர் ஏறியிருக்குன்னு எக்ஸ்ட்ரா மாத்திரை போடுறதும் தப்பு, அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள அந்த நேரத்துல பிரஷர் தேவைப்படலாம். விரல் நுனில ஊசியால குத்தி ரத்தம் எடுங்கன்னு ஒரு ஃபார்வர்டு மெசேஜ் வருஷக்கணக்கா சுத்துது, சுத்தப் பொய்.

சுகர் மெஷின் கைல இருந்தா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஒரு தடவை பாத்து வைங்க. சுகர் ரொம்ப எறங்கினா அச்சு அசலா ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும். மயக்கமாயிட்டா ஒரு பக்கமா சாச்சுப் படுக்க வைங்க. போடுற மாத்திரை எல்லாத்தையும் பையோட எடுத்துக்கங்க, முக்கியமா ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை, கடைசியா எப்ப போட்டார்ங்கறதும் சேத்து.

ஸ்டெப் 6: பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சே?

அப்பவும் போகணும், அன்னைக்கே. அடைப்பு தானா விலகிப் போனா இப்படி ஆகும், டாக்டருங்க டிஐஏம்பாங்க. பெரிய ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து அடுத்த 48 மணி நேரத்துலதான் ரொம்ப அதிகம். அங்க கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு ஸ்கேன் பாப்பாங்க, ஈசிஜி எடுத்து இதயம் தாறுமாறா துடிக்குதான்னு பாப்பாங்க, ஏன்னா அப்படித் துடிக்கிற இதயத்துல உருவாகுற ரத்தக்கட்டிதான் பல சமயம் மேல ஏறி மூளையை அடைக்குது. காரணம் தெரிஞ்சா அதுக்கேத்த மாத்திரையை அன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்.