பாலிமர் மைசெல் செய்வது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

10 மில்லிகிராம் பாலிமர் தூள், 2 மில்லி அசிட்டோன், 10 மில்லி தூய நீர். இவ்வளவு இருந்தால் போதும், மைசெல்கள், அதாவது பாலிமர் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் நீரில் கூடி அமைக்கும் நுண்ணிய உருண்டைகள், கோடிகோடியாக உருவாகிவிடும். ஒவ்வொன்றாக நாம் கட்ட வேண்டியதில்லை. சூழலை மட்டும் அமைத்துக் கொடுத்தால் சங்கிலிகள் தாமே கூடிக்கொள்ளும். இன்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

படி 1: பாலிமரைத் தேர்ந்தெடுங்கள்

நமக்குத் தேவை இரண்டு துண்டுகள் இணைந்த சங்கிலி. ஒரு துண்டு நீரை விரும்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால். மற்றது நீரை வெறுக்கும் பாலிகேப்ரோலாக்டோன். இரண்டின் மூலக்கூறு நிறையும் 5000 அளவில் இருந்தால் உருண்டையான மைசெல் கிடைக்கும்: நீரை வெறுக்கும் பகுதி உள்ளே, விரும்பும் பகுதி வெளியே.

படி 2: கரையுங்கள்

தூளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அசிட்டோன் ஊற்றி, 40 டிகிரி வெந்நீரில் குப்பியை வைத்துத் தெளிவாகும் வரை ஆட்டுங்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் குப்பி வேண்டாம், அசிட்டோன் அதையும் கரைத்துவிடும். அருகில் தீ கூடாது. வேலை முழுவதும் பியூம் ஹூடு என்ற, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்புக்குள்தான்.

படி 3: சொட்டுச் சொட்டாக நீரில் விடுங்கள்

எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சொட்டு நீரில் விழுந்ததும் அசிட்டோன் நொடியில் பரவிவிடும். நீரை வெறுக்கும் துண்டுகளுக்கு ஒதுங்க வேறு இடமில்லை, பக்கத்தில் இருக்கும் சங்கிலிகளோடு சேர்ந்துகொள்ளும். கலத்தல் வேகமாக நடந்தால் சின்னச் சின்னக் கூட்டங்களாக, ஏறக்குறைய ஒரே அளவில் அமையும். மெதுவாக நடந்தால் பெரிய கட்டிகளாகத் திரளும். முதல் முறை நான் அவசரப்பட்டு முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிவிட்டேன், அவ்வளவும் நீரில் வேகமாகக் கலக்க முடியவில்லை. வெள்ளைத் திப்பிகள் மிதந்தன, கலக்கும் காந்தத்தில் பாதிப் பாலிமர் ஒட்டிக்கொண்டது. அதனால் நீர் நன்றாகச் சுழலட்டும், கரைசலை ஊசிக்குழலில் எடுத்து அதன் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள், இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு போதும்.

படி 4: அசிட்டோனை வெளியேற்றுங்கள்

மூடாமல் இரவு முழுவதும் கலக்க விடுங்கள். ஆவியான நீரை மறுநாள் ஈடுசெய்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள்.

படி 5: சரிபாருங்கள்

நல்ல கரைசல் லேசான நீலச் சாயலோடு தெரியும். பால் போல வெளுத்திருந்தால் துகள்கள் பெரிதாகிவிட்டன. லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அதன் பாதை கோடாகத் தெரியும், ஆனால் தூசி இருந்தாலும் தெரியும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். துகள்களின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் கருவியின் வரைபடத்தில் 100 நானோமீட்டருக்குள் ஒரே முகடு வர வேண்டும்.

மைசெல் உருவாகக் குறைந்தபட்சச் செறிவு ஒன்று உண்டு. சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சோப்புப்பொருளுக்கு அது லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல். இந்தப் பாலிமர்களுக்குச் சில மில்லிகிராமே போதும். இரத்தத்தில் கலந்து நீர்த்தாலும் எளிதில் கலையாததால்தான் மருந்து சுமக்க இவற்றை நாடுகிறார்கள்.

உள்ளே நீர் நிறைந்த குழிவான பந்து வேண்டுமென்றால்

நீரை வெறுக்கும் துண்டை நீளமாக்குங்கள்: பாலிஎத்திலீன் கிளைக்கால் 2000, பாலிகேப்ரோலாக்டோன் 12000. நீரை விரும்பும் துண்டைத் தலை என்றும் வெறுக்கும் துண்டை வால் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தலை பெருத்து வால் ஒல்லியாக இருந்தால் சங்கிலி கூம்பு போல, கூம்புகள் சேர்ந்தால் உருண்டை. வாலும் பருத்துவிட்டால் சங்கிலிகள் செங்கல் போலத் தாளாக அடுக்கிக்கொள்ளும். தாளின் விளிம்பு நீரில் வெளிப்பட்டு நிற்க முடியாது, அதனால் வளைந்து மூடிப் பந்தாகிவிடும்.

இதற்குச் சொட்டும் முறை வேண்டாம். கரைசலைக் கண்ணாடியில் மெல்லிய படலமாக உலர்த்தி, நீர் ஊற்றி 65 டிகிரியில் வையுங்கள். பாலிகேப்ரோலாக்டோன் 60 டிகிரி அளவில்தான் உருகும், அதற்குக் கீழே படலம் படிகமாக இறுகிக் கிடக்கும். அப்புறம் மீயொலித் தொட்டியில் சிறிது நேரம் வையுங்கள்.

ஒளிச்சிதறல் அளவைச் சொல்லுமே தவிர, பந்தின் உள்ளே குழிவா என்று நேரடியாகச் சொல்லாது. படலத்தில் ஊற்றும் நீரிலேயே கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தைக் கலந்துவிடுங்கள். பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு வெளிநீரைத் திரும்பத் திரும்ப மாற்றுங்கள். வெளிநீர் நிறமற்றுப் போன பிறகும் பைக்குள் ஒளிர்வு தங்கினால், சாயத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்தப் பந்துகள்தான்.