காக்டெயிலுக்கு ரை விஸ்கி: 30 டாலர் அளவில் நல்ல பாட்டில் எடுப்பதும் அதைக் கலப்பதும்

மன்ஹாட்டன் என்ற காக்டெயிலைக் கலக்க 80 டாலர் ரை (ரை என்ற தானியம் முதன்மையான விஸ்கி) வாங்குவது வீண் செலவு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு பீப்பாயில் ஊறிய விஸ்கியின் நுணுக்கமெல்லாம் இனிப்பு வெர்மூத்தும் (மூலிகை ஒயின்) பிட்டர்ஸும் (சொட்டுக் கணக்கில் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாறு) சேர்ந்ததும் மறைந்துவிடும். கலவைக்கு வேண்டியவை இரண்டுதான்: இனிப்புக்கு ஈடுகொடுக்கும் காரம், ஐஸ் கரைந்த பிறகும் தளராத வீரியம். அமெரிக்க மதுக்கடைகளில் இவை இரண்டும் உள்ள பாட்டில்கள் 25 முதல் 35 டாலருக்குள் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் கண்ணுக்கு நேரான தட்டில் இருக்காது. குனிந்து பார்க்க வேண்டும்.

லேபிளை எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் ஒரு விஸ்கியை ரை என்று விற்க, காய்ச்சும் தானியத்தில் குறைந்தது 51% ரை இருக்க வேண்டும். உட்புறம் கருகச் சுட்ட புதிய ஓக் மரக் கலனில் ஊற வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40%-க்குக் குறையக் கூடாது. எவ்வளவு காலம் ஊற வேண்டும் என்று மட்டும் இந்த விதி சொல்வதில்லை. அதனால் லேபிளில் முதலில் தேட வேண்டிய சொல் 'ஸ்ட்ரெய்ட்'. அது இருந்தால் குறைந்தது 2 ஆண்டு ஊறியிருக்கும். நிறமோ சுவையோ சேர்த்திருக்க மாட்டார்கள். 4 ஆண்டுக்குக் குறைவாக ஊறியதென்றால் வயதை லேபிளில் சொல்லியே தீர வேண்டும். ஆக, 'ஸ்ட்ரெய்ட் ரை' என்று போட்டு வயதே சொல்லாத பாட்டில் என்றால் உள்ளே இருப்பது 4 ஆண்டோ அதற்கு மேலோ. பின்புற லேபிளின் பொடி எழுத்தில் '24 மாதம்' என்று இருந்தால், அழகான பாட்டிலுக்குச் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்துத் தேட வேண்டியது 'பாட்டில்ட் இன் பாண்ட்'. விஸ்கியில் கண்டதையும் கலந்து விற்ற காலத்தில், 1897-இல் வந்த சட்டத்தின் பெயர் அது. ஒரே வடிசாலை, ஒரே வடிப்புப் பருவம், அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, பாட்டிலில் சரியாக 50% ஆல்கஹால்: இவை நான்கும் கட்டாயம். காக்டெயில் கலப்பவருக்கு இதைவிடச் சுருக்கமான உத்தரவாதம் வேறில்லை.

'100 புரூஃப்' என்று எண் இருந்தால் பாதியாக்கிக்கொள்ளுங்கள், அதுதான் சதவீதம்.

எந்த ஊரில் வடித்தது என்பதையும் பாருங்கள். பாட்டிலில் அடைத்தவரின் முகவரி ஒரு மாநிலம், வடித்தது இன்னொரு மாநிலம் என்றால் அதையும் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது விதி. 'இண்டியானாவில் வடித்தது' என்று கண்டால், அது பெரும்பாலும் லாரன்ஸ்பர்க் ஊரில் உள்ள எம்.ஜி.பி. ஆலையின் சரக்கு. முன்பு சீக்ராம் நிறுவனத்திடம் இருந்த பெரிய ஆலை அது. பல பிராண்டுகள் அங்கே வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. விஸ்கி நல்ல விஸ்கிதான். ஆனால் ஒரே ஆலையின் சரக்கு ஒரு லேபிளில் 28 டாலர், இன்னொன்றில் 50 டாலர் என்று நிற்கும்போது எதை எடுப்பது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும்.

விலையை ஆல்கஹாலுக்குக் கணக்கிடுங்கள்

பாட்டில் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 750 மி.லி. பாட்டில், 40%, விலை 26 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஆல்கஹால் 300 மி.லி.; ஒரு மி.லி.க்கு 8.7 சென்ட். அதே அளவு பாட்டில் 50%-இல் 30 டாலர் என்றால் ஆல்கஹால் 375 மி.லி.; ஒரு மி.லி.க்கு 8 சென்ட். விலை கூடுதலாகத் தெரிவதே உண்மையில் மலிவு. இன்னொரு லாபமும் உண்டு: 50% ரையில் 50 மி.லி. ஊற்றினாலே 40% ரையின் 60 மி.லி.யைவிடச் சற்றுக் கூடுதல் ஆல்கஹால் கிடைக்கிறது. 12 கிளாஸ் வரும் பாட்டிலில் 15 கிளாஸ் எடுக்கலாம்.

1 லிட்டர் பாட்டிலில் வரும் பிராண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். மதுக்கூடங்களை மனதில் வைத்து அடைப்பதால் பல இடங்களில் கணக்கு இன்னும் சாதகமாக வரும்.

இரண்டு வகை ரை

கென்டக்கி ரைகளில் பலவற்றில் ரை தானியம் 51%-ஐச் சற்றே தாண்டும். மீதி மக்காச்சோளமும் முளைகட்டிய பார்லியும். அதனால் பர்பனின் (மக்காச்சோளம் முதன்மையான அமெரிக்க விஸ்கி) கேரமல், வனிலா சுவை கொஞ்சம் இருக்கும். அதன் மேல் மிளகு, கிராம்புக் காரம். வெர்மூத்தோடு இது எளிதாகச் சேரும். இந்த வகையில் முதலில் எடுக்க வேண்டியது ஹெவன் ஹில் நிறுவனத்தின் ரிட்டன்ஹவுஸ். பிலடெல்பியாவின் ஒரு சதுக்கத்தின் பெயரைச் சுமந்தாலும் கென்டக்கியில் வடிப்பது; பாட்டில்ட் இன் பாண்ட், 50%. ரிட்டன்ஹவுஸ் இல்லாத கடையில் வைல்ட் டர்க்கி 101 ரை (50.5%). அதே பிராண்டில் 101 என்ற எண் இல்லாத, 40.5% ரையும் பக்கத்திலேயே நிற்கும். அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஓல்ட் ஓவர்ஹோல்டிலும் இதே சிக்கல் உண்டு: 43% ஒன்று, பாண்ட் லேபிளோடு 50% ஒன்று. சில டாலர் சேர்த்து இரண்டாவதை எடுங்கள்.

இண்டியானா வகையில் ரை 95%, முளைகட்டிய பார்லி 5%. புதினா, சோயிக்கீரை, பச்சை மூலிகை வாசனை தூக்கலாக இருக்கும். புல்லெட் ரை, ஜார்ஜ் டிக்கல் ரை, ரிடெம்ப்ஷன் ரை ஆகியவை இந்த 95% வாய்ப்பாட்டில் வந்தவை. முதல் இரண்டும் 45%. எலுமிச்சை சேரும் விஸ்கி சவருக்கும், ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடாவை நிறையச் சேர்த்துக் குடிக்கவும் இவை பொருத்தம். மன்ஹாட்டனில் சிலருக்கு அந்தக் கீரை வாசனை துருத்திக்கொண்டு தெரியும். பிடிப்பதும் பிடிக்காததும் நாக்கைப் பொறுத்தது.

இரண்டுக்கும் நடுவில் ஓல்ட் ஃபாரஸ்டர் ரை நிற்கிறது: 65% ரை, 20% முளைகட்டிய பார்லி, 50% ஆல்கஹால். இந்த விலையில் அவ்வளவு பார்லி சேர்ந்த ரை அரிது. ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயிலுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம்.

சிறிய வடிசாலைகளின் 45, 60 டாலர் பாட்டில்களில் அருமையானவை உண்டு. ஆனால் சின்னப் பீப்பாயில் ஓராண்டு மட்டும் ஊறியவை பச்சை மாவு வாசனையும் மரத்தின் துவர்ப்பும் ஒருசேர அடிக்கும். வெர்மூத் அந்தத் துவர்ப்பை மறைக்காது.

டொரோன்டோவில் இருப்பவர்கள் கவனிக்க

கனடாவில் 'ரை' என்றால் கனடிய விஸ்கி என்றுதான் பழக்கத்தில் பொருள். லேபிளில் ரை என்று போட இத்தனை சதவீதம் ரை தானியம் வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை; மக்காச்சோளமே பெரும்பகுதியாக இருக்கலாம். அதை வாங்கிவந்து சஸரக் என்ற காக்டெயிலைக் கலந்தால் சப்பென்றுதான் இருக்கும். முழுக்க ரையிலிருந்து வடித்த லாட் 40, ஆல்பெர்டா பிரீமியம் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆல்பெர்டா பிரீமியம் 40% என்பதால் ஐஸோடு கிளறும் நேரத்தைக் குறையுங்கள். லாட் 40 மன்ஹாட்டனுக்கு நன்றாகவே நிற்கும். அமெரிக்காவிலிருந்து ஊருக்கு எடுத்துவருவதானால் இந்தியச் சுங்கம் ஒருவருக்கு 2 லிட்டர் வரை தீர்வையின்றி விடுகிறது: 1 லிட்டர் பாட்டில் இரண்டு.

மன்ஹாட்டன்

ரை 60 மி.லி., இனிப்பு வெர்மூத் 30 மி.லி., அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 2 உதறல் (பாட்டிலைக் கவிழ்த்து ஒருமுறை வெடுக்கென்று உதறினால் ஒரு உதறல்).

1. கிளாஸை 10 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள்.
2. கலக்கும் கிளாஸில் மூன்றையும் ஊற்றி, முக்கால் பங்கு உயரத்துக்குப் பெரிய ஐஸ் கட்டிகளை இடுங்கள்.
3. நீளக் கரண்டியால் 25 முதல் 30 விநாடி நிதானமாகக் கிளறுங்கள். குலுக்க வேண்டாம், காற்றும் ஐஸ் துணுக்கும் சேர்ந்து கலங்கிவிடும்.
4. வடிகட்டி ஊற்றி, ஒரு செர்ரி போடுங்கள்.

வீரியம் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரியும். 90 மி.லி. கலவையில் கிளறும்போது ஏறக்குறைய 22 மி.லி. தண்ணீர் சேரும். 50% ரையும் 16% வெர்மூத்தும் என்றால் கிளாஸில் முடிவாக நிற்பது 31%. 40% ரை என்றால் 26%-க்கும் கீழே இறங்கி, வெர்மூத்தின் இனிப்பே மேலோங்கும். வீட்டில் 40% பாட்டில்தான் இருக்கிறது என்றால் வெர்மூத்தை 20 மி.லி. ஆக்கி, 15 முதல் 20 விநாடி மட்டும் கிளறுங்கள்.

மன்ஹாட்டன் கெடுவதற்கு ரையைவிட அடிக்கடி காரணமாவது வெர்மூத். அது விஸ்கி அல்ல, மூலிகை சேர்த்து வீரியம் கூட்டிய திராட்சை ஒயின். திறந்ததும் காற்றுப் பட்டுக் கெடத் தொடங்கும். அலமாரியில் ஆறு மாதம் நின்ற வெர்மூத் புளித்து, காய்ந்த திராட்சைத் தோல் போல அடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் முடியுங்கள். மெதுவாகக் குடிப்பவர் 375 மி.லி. பாட்டில் வாங்கலாம். 28 டாலர் ரையும் புதிய கோக்கி டி டொரினோ வெர்மூத்தும் சேர்ந்த கிளாஸ், 70 டாலர் ரையும் பழைய வெர்மூத்தும் சேர்ந்த கிளாஸை எந்த நாளும் வெல்லும்.

நாலு பேர் வரும் நாளில் முன்கூட்டியே கலக்கலாம்: ரை 240, வெர்மூத் 120, குளிர்ந்த குடிநீர் 60 மி.லி., பிட்டர்ஸ் 8 உதறல். மூடி, ஃபிரீசரில் 2 மணி நேரம்; ஐஸில் கிளறாமல் நேரே ஊற்றலாம். 40% ரையில் செய்தால் நீண்ட நேரம் விட்டுவிடாதீர்கள், பாதி உறைந்து கூழாகும்.

ஓல்ட் ஃபேஷன்ட், சஸரக், சவர்

ஓல்ட் ஃபேஷன்டுக்கு ரை 60 மி.லி., பாகு 5 மி.லி., அங்கோஸ்டுரா 2 உதறல். பாகு என்பது எடையில் 2 பங்கு சர்க்கரைக்கு 1 பங்கு தண்ணீர். சர்க்கரைக் கட்டியை நேராகப் போட்டால் 50% ரையில் சரியாகக் கரையாது. சர்க்கரை கரைவது தண்ணீரில்தான். கட்டிதான் வேண்டும் என்றால் ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் முதலில் நசுக்கிக்கொள்ளுங்கள். ஒரே பெரிய ஐஸ் கட்டி போட்டுக் கிளறி, ஆரஞ்சுத் தோலை மேலே முறுக்கி எண்ணெய் தெறிக்க விடுங்கள்.

சஸரக் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சொந்தப் பானம். 2008-இல் லூசியானா சட்டமன்றமே அதை நகரத்தின் அதிகாரபூர்வ காக்டெயில் என்று அறிவித்தது. ரை 60 மி.லி., பாகு 5 மி.லி., பெய்ஷோட்ஸ் பிட்டர்ஸ் 3 உதறல் ஆகியவற்றை ஐஸில் கிளறி, அப்சிந்த் (சோம்பு வாசனை தூக்கலான மூலிகை மது) தடவிய குளிர்ந்த கிளாஸில் ஐஸ் இல்லாமல் வடிகட்ட வேண்டும். எலுமிச்சைத் தோலை மேலே முறுக்கிவிடுங்கள். அப்சிந்த் 5 மி.லி. ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அந்த 5 மி.லி.க்காக 60 டாலர் பாட்டில் வாங்கத் தேவையில்லை. அப்சிந்துக்கு மாற்றாக அதே நகரில் உருவான ஹெர்ப்செய்ன்ட் மலிவு, போதும். சிறு தெளிப்பான் புட்டியில் நிரப்பி இரண்டு முறை அடித்தால் கொட்டுவதும் மிச்சம்.

விஸ்கி சவர்: ரை 60, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 22, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் சேர்த்த பாகு 22 மி.லி. ஐஸோடு 12 விநாடி பலமாகக் குலுக்குங்கள்.

எங்கே தவறும்

நீர்த்துப்போனால் பெரும்பாலும் ஐஸ்தான் காரணம். வெளியே வைத்து வியர்த்த கட்டியின் மேலுள்ள தண்ணீர் குளிர்விக்காமல் நேராகக் கலவையில் சேரும். ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்துங்கள், கட்டி பெரிதாக இருக்கட்டும். தொண்டை எரிந்தால் கிளறியது போதவில்லை; இன்னும் 10 விநாடி கிளறுங்கள். கசப்பு நாக்கில் தங்கினால் பிட்டர்ஸ் அதிகம், அல்லது தோலோடு வெள்ளைச் சதையையும் சேர்த்துச் சீவிவிட்டீர்கள்.

புதிய பாட்டிலைச் சோதிக்க ஒரு முழு காக்டெயிலைச் செலவழிக்க வேண்டாம். முதலில் 10 மி.லி.யை ஐந்தாறு சொட்டுத் தண்ணீரோடு வாயில் உருட்டிப் பாருங்கள். பிறகு ரை 20, வெர்மூத் 10 மி.லி., பிட்டர்ஸ் சில சொட்டு, ஒரு ஐஸ் கட்டி என்று சின்ன மன்ஹாட்டன் ஒன்று கலந்து, பழகிய ரையில் கலந்த இன்னொன்றின் பக்கத்தில் வையுங்கள். தனியாகக் குடிக்கையில் முரடாகத் தெரிந்தது கலவையில் அழகாக அமையும். தனியாக வழவழப்பாக இருந்தது காணாமல் போகும்.

அளவையும் மறக்க வேண்டாம். 50% ரையில் கலந்த ஒரு மன்ஹாட்டனில் கிட்டத்தட்ட 35 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டு பானம். இரண்டு கிளாஸ் குடித்தவர் நாலு குடித்த கணக்குத்தான். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.