பள்ளி எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்து வழக்குப் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

17(பி) மெமோ, அதாவது பெரிய தண்டனை தரக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கைக்கு வந்ததும் நாகர்கோவிலில் இருந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடுவதுதான் முதல் தவறு. மெமோ என்பது தண்டனை அல்ல. அந்தக் கட்டத்தில் ரிட் மனுவை (அதிகாரிகளின் உத்தரவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) பொதுவாக ஏற்கக் கூடாது என்று 2006-இல் குனிசெட்டி சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரமே இல்லாதவர் கொடுத்த மெமோ, அல்லது முற்றிலும் சட்டவிரோதமான மெமோ என்றால் மட்டும் போகலாம்.

உயர் நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி எடைபோடாது. பெரும்பாலும் விசாரணை முறையாக நடந்ததா என்றே பார்க்கும். அதனால் வழக்கின் பலம் பள்ளி விசாரணையிலேயே உருவாக வேண்டும்.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். வாங்கியதும் இணைப்புகளை எண்ணுங்கள்: குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என நான்கு. ஒன்று குறைந்தால், அலுவலகப் பிரதியில் கையெழுத்துப் போடும் இடத்திலேயே "இணைப்பு 3 தரப்படவில்லை" என்று தேதியோடு எழுதுங்கள். பின்னால் நீங்கள் எத்தனை பக்கம் வாதாடினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. ஆவணம் கேட்பதையும் வாய்ப்பேச்சில் விடாமல், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கோபத்தில் விசாரணையைப் புறக்கணித்தால் ஒருதரப்பு அறிக்கை வரும். குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் போய்விடும். விசாரணை அறிக்கையின் நகலைத் தராமல் தண்டித்திருந்தால் அது உங்களுக்கு நல்ல வாதம் (கருணாகர் வழக்கு, 1993). ஆனால் அதனால் என்ன பாதிப்பு ஏற்பட்டது என்றும் மனுவில் காட்ட வேண்டும். பலரும் இதை எழுதுவதே இல்லை.

சஸ்பென்ஷனில் இருக்கும் அரசு ஊழியர், வேறு வேலையில் இல்லை என்ற சான்றைக் கொடுக்கத் தவறினால் பிழைப்பூதியம் (சஸ்பென்ஷன் காலத்தில் சம்பளத்துக்குப் பதிலாகத் தரும் தொகை) நிற்கும். வீட்டுச் செலவு தடுமாறும்போது வழக்கு நடத்துவது மிகக் கடினம். இதில் அசட்டை வேண்டாம்.

தனியார் பள்ளி ஊழியர்கள் பழைய மனுவைப் பார்த்து, தனியார் பள்ளிகளுக்கான 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தில் பணிநீக்கம் பற்றிய 22-வது பிரிவை எழுதிவிடுகிறார்கள். 2023 முதல் நடைமுறையில் இருப்பது 2018-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டம். சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகள் நிறைந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், எந்தப் பிரிவு உங்கள் பள்ளிக்குப் பொருந்தும் என்று வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். மானியம் பெறாத பள்ளியில் வெறும் ஒப்பந்தத் தகராறு என்றால் ரிட் நிற்காது என்கிறது 2022-இன் செயின்ட் மேரீஸ் தீர்ப்பு.

சட்டத்தில் மேல்முறையீடு இருந்தால் கெடுவுக்குள் அதை முடியுங்கள்.

பணிநீக்கத்தை ரத்து செய்யக் கேட்கும் மனுவில், அந்தக் காலத்தில் வேறு வேலையோ வருமானமோ இல்லை என்று சேர்த்து எழுதுங்கள். அது இல்லாவிட்டால், வேலை திரும்பக் கிடைத்தாலும் நிலுவைச் சம்பளம் கிடைப்பது சிரமம் (தீபாலி குண்டு சுர்வசே, 2013).