ஒரு வெட்டுக்குப் பத்துப் படம்: கையால் வரையும் ஆக்‌ஷன் ஆர்பிஜிக்குக் கணக்குப் போடுவது எப்படி

கையால் வரைந்து ஓர் ஆக்‌ஷன் ஆர்பிஜி (சண்டையும் கதையும் கலந்து, கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகும் வீடியோ விளையாட்டு) செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கதை எழுதுகிறார்கள், பிறகு போஸ்டர் வரைகிறார்கள், உடனே பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிரவுட்ஃபண்டிங் பக்கம் திறந்துவிடுகிறார்கள். எத்தனை படம் வரைய வேண்டும் என்று எண்ணுவது கடைசியில்தான். அதை முதலில் எண்ணுங்கள். இந்த வகை விளையாட்டில் பணமும் நாளும் கரைவது அங்கேதான்.

ஒரே ஒரு வெட்டிலிருந்து தொடங்கலாம். நாயகி கோடரியைத் தலைக்கு மேல் ஓங்கி இறக்குகிறாள். விளையாட்டு நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது, அதாவது திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஓங்க 10 ஃப்ரேம், அடி விழ 3, பழைய நிலைக்குத் திரும்ப 16. ஆக 29, அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு 29 படம் தேவையில்லை, 10 போதும். ஓங்குவதற்கு நான்கு: முதல் இரண்டும் தலா 2 ஃப்ரேம், கோடரி முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும் மூன்றாவது 5 ஃப்ரேம், இறங்கத் தொடங்கும் நான்காவது 1. அடிக்கு இரண்டு: கோடரி நீண்ட கீற்றாக இழுபடும் ஸ்மியர் படம் 1 ஃப்ரேம், பதிந்து நிற்கும் படம் 2. திரும்புவதற்கு நான்கு: 5, 4, 4, 3.

பத்துப் படத்துக்கும் சம நேரம் கொடுத்தால் அசைவு தண்ணீருக்குள் நடப்பதுபோல மிதக்கும். கனம் தெரிவது அந்த மூன்றாவது படம் நிற்கும் 5 ஃப்ரேமிலும், அதன் பின் சட்டென்று பாயும் 1 ஃப்ரேமிலும்தான். அடி பட்டதும் அடிப்பவரையும் வாங்குபவரையும் 6 முதல் 8 ஃப்ரேம் வரை உறைய வையுங்கள். ஒரு படம்கூடக் கூடுதலாக வரையாமல் அடி உறைக்கும்.

இவை எல்லாவற்றையும் குச்சி உருவத்திலேயே வரைந்து எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் மென்பொருள்) போட்டு, பட்டனை அழுத்திப் பாருங்கள். ஓங்கும் நேரம் 15 ஃப்ரேமைத் தாண்டினால், சாதாரண வெட்டுக்கு அது தாமதம் என்று விரல் சொல்லிவிடும். குச்சி உருவத்தில் திருத்த பத்து நிமிடம் ஆகும். கிளீன்-அப் (முதல் கிறுக்கலின் மேல் சுத்தமான கோடு போடுவது) முடிந்து வண்ணமும் பூசிய பிறகு திருத்தினால் இரண்டு நாள் போய்விடும். ஹிட்பாக்ஸையும் (அடி படும் பகுதியைக் குறிக்கும், கண்ணுக்குத் தெரியாத கட்டம்) இப்போதே போடுங்கள். ஸ்மியர் படத்தில் கோடரி எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணெதிரே பட்ட அடி எதிரியைத் துளைத்துக்கொண்டு போகும்.

பாதம் வழுக்குவது அடுத்த தொல்லை. கேன்வாஸில் தரைக்கோடு ஒன்றும் அதன்மேல் ஒரு புள்ளியும் போட்டு, அதைப் பூட்டிய லேயரில் வைத்து, எல்லாப் படத்தையும் அந்தப் புள்ளிக்கே வரையுங்கள். திரையில் 300 பிக்சல் உயரம் வரும் உருவத்தை 600இல் வரைந்தால் கோடு சுத்தமாக இருக்கும். ஆயுதம் நீளும் இடத்தையும் சேர்த்து 1600×1200 கேன்வாஸ் போதும். ஆனால் அப்படியே ஏற்றினால் ஒரு படம் நினைவகத்தில் சுமார் 7.7 எம்பி பிடிக்கும். சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டித்தான் ஸ்ப்ரைட் ஷீட்டில் (பல படங்களை ஒன்றாக அடுக்கிய ஒரே பெரிய படம்) அடுக்க வேண்டும். வெட்டும்போது பாதப்புள்ளி எங்கே இருந்தது என்பதும் கூடவே பதிவாகிறதா என்று பாருங்கள். அது தொலைந்தால் உருவம் படத்துக்குப் படம் குதிக்கும். வரைந்தவர் மீது பழி விழும்.

புராணக் கதாபாத்திரம் என்றால் கை தானாக நகை போட ஆரம்பித்துவிடும். ஆரம், வங்கி, சலங்கை, பூவேலைச் சேலை எல்லாமே அழகுதான். ஆனால் ஒவ்வொரு மணியையும் ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஓடும்போது மினுமினுவென்று துடிக்கும். ஆரத்தை ஒரே திரளாக, இரண்டு வண்ணத்தில் வையுங்கள். ஆயுதத்திலும் இதே கணக்குதான். கோடரியின் தலையை நகலெடுத்துத் திருப்பிக்கொள்ளலாம். சவுக்குபோல் வளையும் சுருள்வாளை அப்படிச் செய்ய முடியாது: ஒவ்வொரு படத்திலும் வளைவு வேறு, நுனி பிடியைவிட இரண்டு மூன்று ஃப்ரேம் பின்தங்கி வர வேண்டும்.

லேப் ஜீரோ ஸ்டுடியோ கையால் வரைந்து செய்த இன்டிவிசிபிள் விளையாட்டில் துங்கர் என்ற தோழர் சுருள்வாளைத்தான் சுழற்றுகிறார். அந்த விளையாட்டை வரைபவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். நாயகி அஜ்னா, நாம் ஆக்ஞை என்று சொல்லும் புருவமத்தி ஆதாரத்தின் பெயர் அது. தோழர்கள் அவளுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள், சண்டை வந்தால் வெளியே வருகிறார்கள். சுவர் ஏறுவது, பள்ளம் தாண்டுவது எல்லாம் அஜ்னா மட்டும். கதையின் மையக் கருத்தே வேலையையும் மிச்சப்படுத்துகிறது: இருபதுக்கு மேற்பட்ட கதாபாத்திரங்களில் அவளைத் தவிர மற்றவர்களுக்கு ஏறும் அசைவு வரைய வேண்டியதில்லை. பின்னணியும் 3டி. உங்கள் புராணத்திலும் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு சண்டைத் தோழருக்கு: நிற்பது 8, ஓட்டம் 10, தடுப்பு 2, அடி வாங்குவது 3, விழுந்து எழுவது 8, மூன்று வெட்டுக்கு 30, பெரிய தாக்குதல் 24. மொத்தம் 85 படம். ரஃப், கிளீன்-அப், வண்ணம் சேர்த்துப் படத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைத்தால் 127 மணிக்கு மேல். நாளுக்கு ஆறு மணி நேரம் வரைந்தால் 21 நாள். திருத்தங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சேருங்கள்: 28 நாள், ஒரு தோழருக்கு மட்டும்.

நிதி கேட்கும் பக்கத்தில் இந்தக் கணக்கை ஒளிக்காமல் போடுங்கள். லேப் ஜீரோ 2013இல் ஸ்கல்கேர்ல்ஸ் என்ற தன் சண்டை விளையாட்டுக்கு ஒரு புதிய கதாபாத்திரம் சேர்க்க 1,50,000 டாலர் கேட்டது. அதில் 8 பேருக்கு 10 வாரச் சம்பளம் 48,000, வெளியே கொடுக்கும் அனிமேஷன், கிளீன்-அப் வேலைக்கு 30,000, ஹிட்பாக்ஸுக்கு 2,000 என்று பிரித்தே காட்டியிருந்தார்கள். சோதனைக்கும், பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களில் வெளியிடத் தேவையான சான்றிதழுக்கும் தனித்தனியாக ஒதுக்கியிருந்தார்கள். புதியவர்கள் மறப்பது இந்த இரண்டையும்தான். 2015 அக்டோபரில் இன்டிவிசிபிளுக்கு இண்டிகோகோ என்ற நிதி திரட்டும் தளத்தில் 15 லட்சம் டாலர் கேட்டபோது, விளையாடிப் பார்க்கக்கூடிய மாதிரியையும் கூடவே தந்தார்கள். முழு விளையாட்டு 2019 அக்டோபரில் வந்தது. நான்கு வருடச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொள்ளாமல் தொகையை எழுதாதீர்கள்.

கேட்ட தொகையைத் தாண்டினால் இதையும் தருவோம் என்று சொல்லும் கூடுதல் இலக்குகளில் எச்சரிக்கை தேவை. இன்டிவிசிபிளில் பிற விளையாட்டுகளின் கதாபாத்திரங்களும் விருந்தினராக வருவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். 2020இல் லேப் ஜீரோ அணி சிதறியது, அந்த விருந்தினர்கள் வரவேயில்லை. காசு கொடுத்துக் காத்திருந்தவர்களுக்கு அது வலித்தது. விருந்தினரை அறிவிக்கும் முன் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அவருக்கான 85 படத்தை வரையும் 28 நாள், உங்கள் அட்டவணையில் எந்த மாதத்தில் வருகிறது என்று குறித்துவிட்டு, அதன் பிறகு பக்கத்தில் போடுங்கள்.