ஏரியாவுல தீ பிடிச்சா மறுநாள் ஸ்கூல் என்ன பண்ணணும்? மும்பை தமிழ் டீச்சர்களுக்கும் பெற்றோருக்கும்

தாராவி, சயான் கோலிவாடா, லேபர் கேம்ப் பக்கம் நம்ம பிள்ளைங்க படிக்கிற பிரைமரி ஸ்கூல்ல வேலை பாக்கிறவங்களுக்காகவும், ஸ்கூல் கமிட்டியில இருக்கிற அம்மா அப்பாவுக்காகவும் இதை எழுதுறேன். கல்லியில, அதாவது சந்துல, தீ பிடிச்சு வரிசையா ரூமுங்க எரிஞ்சு போச்சுன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது பழைய துணியும் பிரெட்டும் தான். அதெல்லாம் தானா வந்துரும், மண்டல்காரங்க, கோயில் கமிட்டி, சர்ச், மசூதி, கட்சிக்காரங்கன்னு போட்டி போட்டுக் குவிச்சிருவாங்க. ஸ்கூலால மட்டும் குடுக்க முடிஞ்சது ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு திறந்த கேட், இன்னொண்ணு ஆபீஸ் பீரோவுக்குள்ள இருக்கிற ஜெனரல் ரெஜிஸ்டர், அதாவது சேர்ந்த பிள்ளைங்க எல்லார் விவரமும் எழுதி வைக்கிற புஸ்தகம்.

முதல்ல கேட். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகலை, கரண்ட் கனெக்‌ஷன் சரியா இருக்குன்னு ஃபயர் பிரிகேட் சொல்லிட்டா மறுநாளே ஸ்கூலைத் திறந்துருங்க. பாவம் பிள்ளைங்கன்னு லீவு விட்டா அதுங்க எங்க போகும், எரிஞ்ச இடத்துல பெரியவங்க தகரமும் பாத்திரமும் பொறுக்கிட்டு இருப்பாங்க, பக்கத்துலயே சூடு ஆறாத சாம்பல்ல ஆணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல செருப்பில்லாம திரிஞ்சிட்டு இருக்கும். யூனிஃபார்ம் எங்க, பேக் எங்கன்னு யாரும் கேக்கக்கூடாது, குறிப்பா வாட்ச்மேன் அண்ணன்கிட்ட இதை முந்தின நாளே சொல்லி வைங்க, ஏன்னா பிள்ளை முதல்ல பாக்கிற முகம் அவருதான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிறாதீங்க. எந்தெந்தப் பேரு வரலையோ அதை எழுதி ரெண்டு டீச்சர் நேர்ல போய்ப் பாருங்க, சொந்தக்காரங்க வீட்லயா, சயான் ஆஸ்பத்திரியிலயா, ஊருக்கு ரயில் ஏறிட்டாங்களான்னு சாயந்தரத்துக்குள்ள தெரிஞ்சிரணும்.

இப்ப ரெஜிஸ்டர். "டீச்சர், பேப்பர் ஒண்ணுமே இல்ல, பிள்ளையை நாளைக்கு அனுப்பலாமா?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். "பிள்ளையை இன்னைக்கே அனுப்புங்கக்கா, பேப்பர் எங்கிட்ட இருக்கு"ன்னு சொல்லுங்க, உண்மையிலயே இருக்கு. பிள்ளை பேரு, பிறந்த தேதி, ஜாதி எல்லாம் ஜெனரல் ரெஜிஸ்டர்ல இருக்கு, அட்மிஷன் ஃபைலைப் புரட்டினா அட்ரஸ், அம்மா அப்பா ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கூட மங்கலா கிடைக்கும். அன்னைக்கே ஒரு மேஜை போட்டு, அந்தக் குடும்பங்களுக்கு மட்டும், பிள்ளை இந்த ஸ்கூல்லதான் படிக்குதுன்னு போனஃபைட் சர்டிஃபிகேட் எழுதிக் குடுத்துருங்க, அதோட அந்த ஜெராக்ஸை மறுபடி காப்பி எடுத்துக் கையில குடுங்க. ஃபீஸ் பாக்கி, நாளைக்கு வா, ஹெட்மாஸ்டர் இல்லன்னு எந்தக் காரணமும் வேண்டாம்.

எதை முதல்ல வாங்கணும்னு தெரியாம ஜனங்க ஒவ்வொரு ஆபீஸா அலைவாங்க, அதனால வரிசையை நீங்களே சொல்லிருங்க. முதல்ல பழைய நம்பர்லயே டூப்ளிகேட் சிம், அது இல்லன்னா ஓடிபி வராது, ஓடிபி இல்லன்னா மீதி எதுவும் நகராது. அப்புறம் இ-ஆதார் டவுன்லோட், நம்பர் லிங்க் ஆகலைன்னா ஆதார் சென்டர்ல கைரேகை வச்சு எடுக்கணும், சந்தேகத்துக்கு ஆதார் ஹெல்ப்லைன் 1947-க்கு போன் போடலாம். அதுக்கப்புறம் ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிறப்புச் சான்று. போலீசும் தாசில்தார் ஆபீஸ்காரங்களும் சேதத்தை நேர்ல பாத்துப் பதிவு பண்ற பஞ்சநாமா எழுத வரும்போது குடும்பத்துல யாராவது ஒருத்தர் அங்கேயே நிக்கணும். வாடகைக்கு இருக்கிறவங்க பேரு இதுலதான் அதிகமா விட்டுப் போகும், ரூம் ஓனர் பேரை மட்டும் எழுதிட்டுப் போயிருவாங்க, ஸ்கூல் போனஃபைட்ல இருக்கிற அட்ரஸ் அந்த நேரத்துல கைகொடுக்கும். இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தோணாது. இங்க இலவச வீட்டு உரிமைன்னு பேச்சு வந்தா 2000 ஜனவரி 1-க்கு முன்னாடி இருந்தே இருக்கோம்னு காட்டச் சொல்வாங்க, பிள்ளையோட அப்பாவே சின்ன வயசுல இதே ஸ்கூல்ல படிச்சிருந்தா அவர் பேரும் பழைய ரெஜிஸ்டர்ல இருக்கும். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக் குடுக்கிறது பத்து மூட்டை துணியை விடப் பெரிய உதவி.

சில குடும்பம் பிள்ளையை மட்டும் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ ஆச்சி வீட்டுக்கு அனுப்பிரும். பேரை அடிச்சிறாதீங்க, திரும்பி வர வாய்ப்பு அதிகம். அங்கேயே சேத்துட்டாங்கன்னா டிசி-யை (மாற்றுச் சான்றிதழை) உடனே அனுப்புங்க. டிசி வர லேட் ஆகுது, வயசு சான்று இல்லங்கிற காரணத்தைச் சொல்லி அங்க அட்மிஷனை மறுக்க முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே அது இருக்கு, இதை பெற்றோர்கிட்ட தெளிவா சொல்லி அனுப்புங்க.

பொருள் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டியதில்ல. யாரும் கொண்டு வராதது ஜட்டி, நாப்கின், பக்கெட், போன் சார்ஜர், மூக்குக்கண்ணாடி, சுகர் பிபி மாத்திரை. டிபி மாத்திரை எரிஞ்சு போனவங்க ஒரு நாள் கூட விடக்கூடாது, ஏரியா முனிசிபல் ஹெல்த் போஸ்ட்ல இலவசமா மறுபடி குடுப்பாங்க, கூச்சப்பட்டுச் சொல்லாம இருப்பாங்க, நீங்களா தனியா கூப்பிட்டுக் கேளுங்க. பொருளை பிரேயர்ல நிக்க வச்சு போட்டோ எடுத்துக் குடுக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காது, அம்மா கையில அமைதியா குடுங்க.

ஸ்கூலையே தங்குற இடமா ஆக்கிட்டாங்கன்னா கீழ் மாடியைக் குடுத்துட்டு மேல கொஞ்சமாவது கிளாஸ் நடத்துங்க. பொம்பளைங்களுக்குத் தனி டாய்லெட், ராத்திரி முழுக்க லைட், உள்ள அடுப்பு கிடையாது. இந்த மூணுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.

பிள்ளைங்க மனசு பத்தி. முதல் சில வாரம் படுக்கையை நனைக்கும், அம்மா சேலையை விடாது, குக்கர் விசில் கேட்டாலே எழுந்து வாசலுக்கு ஓடும். விளையாட்டுல சாக்பீசை அடுக்கி "தீ, தீ"ன்னு கத்தித் தள்ளிவிடும், திட்டாதீங்க, அதுங்க அப்படித்தான் புரிஞ்சுக்கும். தீயை வரைஞ்சு காட்டுன்னு நீங்களா சொல்லாதீங்க, வரைஞ்சா வரையட்டும். டிவிக்காரங்க மைக்கை கேட்டுக்கு வெளியவே நிறுத்துங்க. அதே பெஞ்ச், அதே பெல், அதே வாய்ப்பாடு, அந்த வயசுக்கு இதுதான் மருந்து. ஒரு மாசம் தாண்டியும் தூக்கம் சாப்பாடு திரும்பலைன்னா மனநல ஆலோசனைக்கான அரசு ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416-க்கு போன் போடுங்க, தமிழ்லயும் பேசலாம். பெரியவங்க துணை இல்லாம நிக்கிற பிள்ளைக்கு சைல்ட்லைன் 1098.

அடுத்த தடவைக்குத் தயாராகிறது. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2009 பிப்ரவரி 7-ல காட்டுத்தீயில 173 பேர் செத்துப் போனாங்க, ஸ்ட்ராத்யூன்ங்கிற சின்ன ஊர்ல பிரைமரி ஸ்கூலும் எரிஞ்சிருச்சு. அப்புறம் அந்த ஸ்கூல் உள்ளூர் தீயணைப்புப் படையோட சேர்ந்து, தீ எப்படிப் பரவும், காத்து எப்படித் திருப்பும்னு பிள்ளைங்களுக்கே பாடமா சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பயமுறுத்துறதுக்கும் சொல்லிக் குடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நம்ம பிள்ளைக்கு காடு தேவையில்ல, கேஸ் பத்தி சொல்லுங்க. அது காத்தை விடக் கனம், தரையோட தவழும், நாத்தம் அடிச்சா ஸ்விட்சைத் தொடாதே, வெளிய ஓடி வந்து பெரியவங்ககிட்ட சொல்லு. பெரியவங்களுக்கு ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் திறந்து, வெளிய வந்து கேஸ் லீக் அவசர நம்பர் 1906-க்கு போன் போடணும்னு சொல்லுங்க. புகை மேல ஏறும், அதனால குனிஞ்சு தவழ்ந்து வா. பொம்மைக்கோ புஸ்தகத்துக்கோ திரும்பிப் போகாதே. தீக்காயத்துக்கு இங்க், டூத்பேஸ்ட், மாவு எதுவும் கூடாது, 20 நிமிஷம் சாதாத் தண்ணி, குழாய்ல வரலைன்னா பக்கெட்டும் மக்கும் வச்சு ஊத்திக்கிட்டே இருங்க. இதை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஆடிக்காட்டிச் சொன்னா வீட்டுல போய் ஆத்தாவுக்கே பாடம் எடுக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை போடுங்க, வீடு எந்த கல்லி, யார் வந்தா பிள்ளையை அனுப்பலாம், அப்புறம் ஊர்ல இருக்கிற ஒரு சொந்தக்காரர் நம்பர். இங்க எல்லார் போனும் எரிஞ்சு போயிருந்தாலும் ஊர்ல இருக்கிற சித்தப்பா மூலமா ரெண்டு பக்கமும் தகவல் போயிரும். அட்டை ஒரு செட் ஸ்கூல்ல, ஒரு செட் வேற கட்டடத்துல. ஜெனரல் ரெஜிஸ்டரையும் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வெளிய ஒரு காப்பி வைங்க, ஊருக்கே பேப்பர் குடுக்கிற புஸ்தகம் எரிஞ்சிட்டா யார்கிட்ட போய் நிப்போம்?

கும்பகோணத்துல 2004 ஜூலை 16-ல சத்துணவு சமையல் தீ கூரைக்கு ஏறி 94 பிள்ளைங்க போனதை நம்ம யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்ல. அதனால தீ டிரில் வச்சா மெயின் கேட்டை மூடின மாதிரி வச்சு ரெண்டாவது வழியில இறக்கிப் பாருங்க. படிக்கட்டுக்குக் கீழ அடுக்கின உடைஞ்ச பெஞ்ச், பழைய பேப்பர் கட்டு, மதியச் சாப்பாட்டு பாத்திரம் எல்லாம் அப்பத்தான் கண்ணுல படும். மகாராஷ்டிராவுல தீ பாதுகாப்பு சாமான் நல்லா இருக்குன்னு லைசென்ஸ் ஏஜென்சி ஃபார்ம் பி-யை வருஷத்துல ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு தடவை குடுக்கணும், கமிட்டி மீட்டிங்ல அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, சண்டைக்கு வராங்கன்னு நினைச்சாலும் பரவாயில்ல. தீயணைப்பு சிலிண்டர் மாட்டின சுவத்துக்குப் போய் முள்ளு பச்சையில நிக்குதா, பின்னு இருக்கான்னு நீங்களே பாத்துருங்க. பின்பக்க கேட் சாவி ஹெட்மாஸ்டர் வீட்ல இருந்தா அன்னைக்கே இன்னொண்ணு அடிச்சு வாட்ச்மேன் ரூம்ல மாட்டிருங்க.