தொகுதி காலியானால்: இடைத்தேர்தல் நடக்கும் முறையும் முன்கூட்டியே செய்ய வேண்டியவையும்

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மறைந்தாலோ, தகுதி நீக்கம் செய்யப்பட்டாலோ, அவருடைய விலகல் கடிதத்தைப் பேரவைத் தலைவர் ஏற்றுக்கொண்டாலோ அந்தத் தொகுதி காலியாகிவிடுகிறது. அடுத்து எப்போது என்ன நடக்கும் என்பதைக் கட்சிகளின் மாவட்டச் செயலாளர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். வாக்காளருக்கும், சுயேச்சையாகப் போட்டியிட எண்ணுபவருக்கும் தேர்தல் அறிவிப்பு வந்த பிறகுதான் பரபரப்பு தொடங்குகிறது. அதற்குள் செய்திருக்க வேண்டிய வேலைகளில் பாதிக்கு நேரம் கடந்துபோயிருக்கும்.

ஆகவே, முதலில் தொகுதி காலியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டமன்றச் செயலகம் இதனை அரசிதழில் வெளியிட்டுத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 151ஏ பிரிவின்படி, இடம் காலியான நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும். இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் தேர்தல் கட்டாயமில்லை. 2025 ஜூனில் காலியான வால்பாறை இவ்வகையைச் சேர்ந்தது. உரிய காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசுடன் கலந்து ஆணையம் சான்றளித்தாலும் தேர்தல் தள்ளிப்போகும். 2020 பிப்ரவரியில் அடுத்தடுத்த நாள்களில் காலியான திருவொற்றியூரும் குடியாத்தமும் கொரோனா காரணமாக 2021 பொதுத்தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமலே இருந்தன. முந்தைய வெற்றியை எதிர்த்துத் தேர்தல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் தாமதம் ஏற்படலாம் என்பதைத் திருப்பரங்குன்றம், அரவக்குறிச்சி, ஒட்டப்பிடாரம் ஆகிய தொகுதிகளில் 2019-இல் பார்த்தோம்.

நாள் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதற்கு விக்கிரவாண்டி நல்ல எடுத்துக்காட்டு. அத்தொகுதி 2024 ஏப்ரல் 6 அன்று காலியானது. பிப்ரவரியில் காலியான விளவங்கோட்டுக்கு ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலோடு சேர்த்து வாக்குப்பதிவு நடத்த முடிந்தது. விக்கிரவாண்டிக்கோ அதற்கான அவகாசம் இல்லை. ஜூன் 10 அன்று ஆணையம் தேர்தல் தேதியை அறிவித்தது. ஜூன் 14 அன்று முறையான அறிவிக்கை வெளியானது. பொதுத்தேர்தலுக்கு ஆளுநர் பெயரில் வரும் அறிவிக்கை, இடைத்தேர்தலுக்கு ஆணையத்தின் பெயரிலேயே வருகிறது. அறிவிக்கைக்குப் பின் ஏழாம் நாளான ஜூன் 21 வேட்புமனு தாக்கலுக்குக் கடைசி நாள். மறுநாள் பரிசீலனை நடக்க வேண்டும். அது நான்காவது சனிக்கிழமை, அதற்கடுத்தது ஞாயிறு என்பதால் ஜூன் 24-க்குப் போயிற்று. அதிலிருந்து இரண்டாம் நாள், ஜூன் 26, மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். அதன்பின் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும். சரியாகப் பதினான்காம் நாளான ஜூலை 10 அன்று வாக்குப்பதிவு நடந்தது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் எந்த இடைத்தேர்தலின் அட்டவணையையும் ஏறத்தாழ முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

வாக்காளர் செய்ய வேண்டியது எளிது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தொகுதி காலியான வாரத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரும் சேராது. விண்ணப்பத்தை விசாரிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால், அந்தக் கடைசி வாரத்தை நம்பியிருக்கக் கூடாது.

போட்டியிடுபவருக்கு வேலை அதிகம். 25 வயது நிறைந்தவராகவும், தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராகவும் இருந்தால் போதும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதுமானது, சுயேச்சைக்குப் பத்துப் பேர் தேவை. அந்தப் பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு நண்பரின் வீடு தொகுதி எல்லைக்கு அப்பால் இருந்துவிட்டால் மனுவே தள்ளுபடியாகும் என்பதால், ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000 ரூபாய். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கிவிட வேண்டும். வழக்கு, சொத்து, கடன், கல்வி விவரங்களைக் கூறும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் 'இல்லை' என்றாவது எழுதுங்கள். மனுவைக் கொடுத்த கையோடு தேர்தல் நடத்தும் அலுவலர் முன் உறுதிமொழி எடுத்துக்கொள்வதையும் மறக்கக் கூடாது. பரிசீலனை நாள் வந்துவிட்டால் அதற்கு வாய்ப்பில்லை.

சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைப்பது திரும்பப் பெறும் நாளுக்குப் பிறகுதான் என்பதால், அதை மக்களிடம் கொண்டு சேர்க்க இரண்டு வாரமே இருக்கும். அது போதாது என்பது பொதுவான எண்ணம். ஆனால் 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் அதே இரண்டு வாரத்தில் ஆளுங்கட்சியையும் முதன்மை எதிர்க்கட்சியையும் வென்றார். எல்லாச் சுயேச்சைக்கும் அது வாய்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த வாக்குப்பதிவு, பணப் பட்டுவாடா காரணமாக மூன்று நாள் முன்பு ரத்து செய்யப்பட்டது. ஒரே தொகுதியில் அமைச்சர்கள் முழுவதுமாக முகாமிடுவதும் பணம் குவிவதும்தான் நம் இடைத்தேர்தல்களின் தீராத நோய். 2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, வாக்குக்குப் பணம் கொடுக்கும் உத்தியைக் குறிக்கும் 'பார்முலா' என்ற சொல்லே அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளிலேயே நடத்தை விதிகள் அமலாகின்றன. தொகுதி மாநகராட்சிக்குள் இருந்தால் தொகுதிக்குள் மட்டும், மற்றபடி மாவட்டம் முழுவதும் அவை செல்லும். பறக்கும் படையினர் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கண்டால் ஆவணம் கேட்பார்கள். ஆகவே வியாபாரிகள் ரசீதோடு பயணம் செய்வது நல்லது. பட்டுவாடாவைக் கண்டவர்கள் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமெடுத்து அனுப்பலாம், அல்லது 1950 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

வாக்குச்சாவடி ஏற்பாட்டில் வேட்பாளர் எண்ணிக்கையே பெரிய தலைவலி. ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர்களுக்கே இடமுண்டு. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கில் 77 பேர் நின்றதால், ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. சாவடியில் வேட்பாளரின் முகவராக உட்காருபவர்கள் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சென்று மாதிரி வாக்குப்பதிவில் கலந்துகொள்ள வேண்டும். மாலையில், சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நகலைப் பெறாமல் எழுந்து வரக் கூடாது, ஏனெனில் எண்ணிக்கை நாளில் பதிவான வாக்குகளைச் சரிபார்க்க உங்கள் கையில் இருப்பது அது ஒன்றே. வாக்கு எண்ணிக்கையின் முடிவில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளும் (யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் விவிபேட் சீட்டுகள்) எண்ணப்படும்.

வென்றவருக்கு முந்தையவர் விட்டுச்சென்ற எஞ்சிய காலம் மட்டுமே பதவி. முடிவை எதிர்க்க விரும்புவோர் 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவர் வைப்புத்தொகையை இழப்பார்; அவர் உட்படப் போட்டியிட்ட அனைவரும் முடிவு வெளியான 30 நாள்களுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும். தகுந்த காரணமின்றித் தவறினால் மூன்றாண்டுகளுக்குத் தேர்தலில் போட்டியிட முடியாது.